மறதி நோயுற்ற முதியோர்க்குப் பாட்டும் கதையும் கோலமும்

நன்செய் நாலு ஏக்கர் பயிரிட்டு, வாய்க்கால் முறைப்பாட்டில் தகராறு எழுந்தபோதெல்லாம் நடுநின்று தீர்த்துவைத்து, ஊராரால் மதிக்கப்பெற்ற பெரியவர் ஒருவர், எழுபத்தைந்து வயதைக் கடந்த பின் ஒரு நாள் தம் சொந்த வயலுக்குப் போகும் வழி தெரியாமல் வரப்பின்மீது திகைத்து நிற்கிறார். உண்டு கை கழுவிய ஈரம் உலருமுன்பே, “எனக்கு இன்னும் சோறு போடவில்லையே” என்று மருமகளைக் கடிந்துகொள்கிறார். மகனை, என்றோ மறைந்துபோன தம் தமையனார் பெயர் சொல்லி அழைக்கிறார். அயலார் சிலர், “வயதானால் அப்படித்தான்” என்று சொல்லிப் போகின்றனர். சிலர் காற்றுக் கருப்பின் சேட்டை என்று மந்திரிக்கச் சொல்லுகின்றனர். வீட்டாரோ, அவர் எங்கேனும் சென்று கிணற்றில் விழுந்துவிடுவாரோ என்று அஞ்சி, அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு வேலைக்குப் போகின்றனர்.

இத்தகைய வீடு ஒன்றேனும் இல்லாத கிராமம் இன்று அரிது. செங்கற்பட்டு மாவட்டத்துத் திருப்போரூர்ப் பகுதியிலே மருத்துவர்கள் ஆராய்ந்து 1997-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, இந்நோய் நம் கிராமங்களிலும் உண்டென்பதை எடுத்துக்காட்டிற்று. பின்னர் இந்தியாவின் பல மாநிலங்களிலே நடத்தப்பெற்று 2023-இல் வெளிவந்த பெரிய ஆய்வு, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 7.4 பேர் இதற்கு ஆளாகியிருப்பதாக மதிப்பிட்டது. நாடு முழுமைக்கும் இது ஏறக்குறைய 88 லட்சம் பேராகும். நகரத்தைவிடக் கிராமத்தில் மிகுதி, ஆண்களைவிடப் பெண்களிடத்தில் மிகுதி என்பவையும் அவ்வாய்வால் தெரியவந்தன. அறுபது கடந்தோர் 300 பேர் வாழும் ஒரு பஞ்சாயத்தில், இக்கணக்கின்படி, இருபது பேருக்குக் குறையாமல் இந்நிலையில் இருப்பர். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தம் வார்டை மனக்கண்முன் நிறுத்தி எண்ணிப் பார்த்தால், இந்த எண் அவ்வளவாக வியப்பளிக்காது.

நோயை முற்றாக அகற்றும் மருந்து இன்னும் கிட்டவில்லை. ஆயினும் மருந்துக்கு அப்பால் செய்யத்தக்க ஒன்று உண்டு. அதற்கு வேண்டிய பொருள்களிற் பெரும்பாலானவை நம் ஊர்களிலேயே இருக்கின்றன என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நோயின் இயல்பு

டிமென்ஷியா என்று மருத்துவர்கள் கூறும் இந்நிலையை நாம் மறதி நோய் என்கிறோம். உண்மையில் மறதி அதன் ஒரு கூறு மாத்திரமே. சொல் கிடைக்காமற் போதல், காலமும் இடமும் குழம்புதல், பழகிய வேலையைச் செய்யும் முறை தெரியாமற் போதல் ஆகிய யாவும் இதில் அடங்கும். இதற்குக் காரணமான நோய்கள் பல. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1901-இல் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையிலே ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி ஒருவரைச் சோதித்தார். தம் பெயரை எழுதச் சொன்னபோது அவ்வம்மையாரால் அதனை எழுதி முடிக்க இயலவில்லை. அவர் இறந்த பின் மூளையை ஆராய்ந்து, 1906-இல் மருத்துவர் கூட்டமொன்றில் அல்சைமர் கூறிய செய்தியே இந்நோயைப் பற்றிய முதல் விளக்கமாயிற்று.

அல்சைமர் நோய் மூளையின் எல்லாப் பகுதிகளையும் ஒரே நாளில் தாக்குவதில்லை. பெரும்பாலும் முதலிற் பழுதுறுவது, மூளையின் உட்புறத்தே கடற்குதிரை வடிவில் அமைந்த ஹிப்போகேம்பஸ் என்னும் சிறு பகுதி. இன்று நடந்ததை நாளைக்கென்று பதித்துவைப்பது அதன் தொழில். ஆகையாற்றான் காலையில் உண்டது மறந்துபோகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தைப்பொங்கலுக்கு வண்டி கட்டிச் சென்றது நினைவில் நிற்கிறது. கையும் காலும் பழக்கத்தாற் செய்யும் வேலைகளை ஆள்வன வேறு பகுதிகள். பூத் தொடுத்தல், கயிறு திரித்தல், தாளம் போடுதல், புள்ளி வைத்தல் போன்றவை அவற்றைச் சார்ந்தவை. அப்பகுதிகள் பெரும்பாலும் பிந்தியே பாதிக்கப்படுகின்றன. மகிழ்தல், நாணுதல், அவமதிப்பை உணர்தல் ஆகிய உணர்ச்சிகளோ நெடுங்காலம் அழியாதிருக்கின்றன. யார் திட்டினார், எதற்காகத் திட்டினார் என்பதை முதியவர் மறந்துவிடுவார். திட்டப்பட்ட வருத்தம் மாத்திரம் அன்று மாலை வரையிலும் நிற்கும்.

ஓர் எச்சரிக்கையை இவ்விடத்தே கூறிவைத்தல் அவசியம். மறதி கண்டவுடன் இந்நோயென்று வீட்டாரே தீர்மானித்துவிடலாகாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டுக் கசிந்த இரத்தம், சில மாத்திரைகளின் விளைவு ஆகியவற்றாலும் இத்தகைய குழப்பம் உண்டாகும். அவற்றுட் பல மருத்துவத்தாற் சீராகக் கூடியவை. ஆதலின் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், தேவைப்படின் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லுதல் முறை.

விளம்பரப் படத்திலிருந்து பிறந்த கதை

அமெரிக்க நாட்டிலே விஸ்கான்சின் மாநிலம் பால் பண்ணைகளுக்குப் பெயர்பெற்றது. அங்கே 1996-இல் நாடகக்கலை பயின்ற ஆனி பாஸ்டிங் என்னும் பெண்மணி, முதியோர் இல்லமொன்றில் மறதி நோயுற்றோரைக் கொண்டு நாடகப் பயிற்சி நடத்த முயன்றார். வாரக்கணக்கில் உழைத்தும் பயன் காணவில்லை. தலை கவிழ்ந்து அமர்ந்திருந்தவர்கள் அவ்வாறே அமர்ந்திருந்தனர். ஒரு நாள், வேறு வழி தோன்றாமல், பத்திரிகையிலிருந்த சிகரெட் விளம்பரமொன்றைக் கிழித்தெடுத்தார். அதில் குதிரைமேல் வரும் மாட்டுக்காரன் ஒருவனின் படம் இருந்தது. ‘இவனைப் பற்றி நாமே ஒரு கதை கட்டுவோம், இவனுக்கு என்ன பெயர் வைக்கலாம்?’ என்ற பொருள்படக் கேட்டார். ஒருவர் “பிரெட்” என்றார். எந்த ஊர் என்றதற்கு “ஓக்லஹோமா” என்ற விடை வந்தது. இப்படியே முக்கால் மணி நேரம் கதை வளர்ந்தது. சிரிப்பும் பாட்டும் இடையிடையே எழுந்தன. வாரக்கணக்கில் வாய் திறவாதவர்களும் அதில் பங்குகொண்டனர்.

நடந்தது என்னவென்று உன்னிப் பார்த்தல் வேண்டும். ‘உங்கள் மகள் பெயர் என்ன? நேற்று யார் வந்தார்கள்? நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்’ என்று நாம் அன்பினாற்கூடக் கேட்கும் கேள்வி ஒவ்வொன்றும், இந்நோயுற்றவருக்கு ஒரு பரீட்சை. அதில் அவர் நாள்தோறும் தோற்றுக்கொண்டே இருக்கிறார். தோல்விக்கு அஞ்சியே பலர் மௌனமாகிவிடுகின்றனர். கற்பனைக் கேள்விக்கோ தவறான விடை என்பதே இல்லை. மாட்டுக்காரனுக்கு எப்பெயரும் பொருந்தும், எவ்வூரும் பொருந்தும். நினைவைக் கேளாமல் கற்பனையைக் கேட்டால் வாய் திறக்கிறது. பாஸ்டிங் அம்மையார் கண்ட உண்மை இதுவே. கலைகளைக் கொண்டு இம்முதியோர்க்குச் செய்யும் பணி அனைத்துக்கும் இதனை அடிப்படை என்று சொல்லலாம்.

இம்முறை பின்னர் ‘டைம்ஸ்லிப்ஸ்’ என்னும் பெயரில் பல இடங்களுக்கும் பரவிற்று. இருபது முதியோர் இல்லங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுட் பத்தில் பத்து வாரம் இக்கதைக் கூட்டங்களை நடத்தி, எஞ்சிய பத்தோடு ஒப்பிட்ட ஆய்வு 2009-இல் வெளிவந்தது. கதை கட்டிய இல்லங்களிலே முதியோர் விழிப்போடும் ஈடுபாட்டோடும் இருந்தனர். அவர்களோடு பணியாளர் பேசுவதும் மிகுந்தது. பணியாளர் தம் பொறுப்பிலிருந்த முதியோரைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணமும் உயர்ந்தது. இக்கடைசி விளைவை யான் மிகப் பெரிதாகக் கருதுகிறேன். நோய் குறையவில்லை; நோயுற்றவரைப் பார்க்கும் கண் மாறிற்று.

மில்வாக்கி நகரத்து முதியோர் இல்லமொன்றில் 2011-இல் இன்னொரு படி மேலே சென்றனர். போருக்குச் சென்ற கணவன் இருபதாண்டு திரும்பாதிருக்க, தறியிலே பகலில் நெய்ததை இரவிற் பிரித்துக் காத்திருந்த பெனலோப்பி என்னும் கிரேக்கக் கதைத் தலைவியை நடுவாக வைத்து, முதியோரும் பணியாளரும் நாடகக் கலைஞரும் சேர்ந்து ஒரு நாடகத்தையே ஆக்கி நடித்தனர். வில்லியம் அட்டர்மோலன் என்ற ஓவியர் 1995-இல் தமக்கு அல்சைமர் நோய் எனத் தெரிந்த பிறகும் சில ஆண்டுகள் தம் முகத்தையே வரைந்து வந்ததையும் பலர் எடுத்துக்காட்டுவதுண்டு. அவர் தேர்ந்த ஓவியர். நமக்கு மேற்கோளாகக் கொள்ளத்தக்கவர், அறுபது ஆண்டு நாள் தவறாமல் வாசலிற் கோலமிட்ட நம் ஊர்ப் பாட்டியேயாவார்.

பாட்டு தங்கும் இடம்

கலைகளுள் இந்நோயுற்றோரிடம் எளிதிற் சென்று சேர்வது பாட்டு. லைப்சிக் நகர ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நெடுநாட் பழகிய இசையை நினைவிற் கொள்ளும் மூளைப் பகுதிகள் அல்சைமர் நோயால் மற்றப் பகுதிகளைப்போல் அவ்வளவாகச் சிதைவதில்லை என்று கண்டனர். பேச்சு அற்றுப்போனவர் பாட்டின் அடுத்த அடியைத் தவறாமற் பாடுவதன் காரணம் இதனால் ஓரளவு விளங்குகிறது. பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிற் கேட்ட பாட்டுகளே ஒருவர் மனத்தில் ஆழப் பதிகின்றன. இன்று எண்பது வயதானவருக்கு 1955 முதல் 1975 வரையிலான பாட்டுகள் என்று கணக்கிடலாம். அக்காலத்துத் திரைப்பாட்டுகள் மாத்திரமல்ல. ஏற்றம் இறைத்தபோதும், நடவின்போதும், தொட்டிலாட்டும்போதும், கும்மியடிக்கும்போதும் பாடியவையும் அவற்றுள் அடங்கும்.

இங்கிலாந்திலே நியூபெரி என்னும் ஊரில் 2003-இல், மறதி நோயுற்றோரும் அவரைப் பேணுவோரும் அருகருகே அமர்ந்து பாடும் கூட்டமொன்று தொடங்கப்பெற்றது. முதலில் தேநீர், பிறகு ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி வரவேற்கும் பாட்டு, அதன்பின் யாவரும் அறிந்த பாட்டுகள் என்பது அதன் முறை. அந்நாட்டின் பல ஊர்களும் அதனைப் பின்பற்றின. பேணுபவரும் உடன் அமர்ந்து பாடுவது அதன் சிறப்பு.

பயனைப் பற்றி மிகைப்படுத்திக் கூறுவது தகாது. பதினைந்து நாடுகளில் 1,720 பேரைக் கொண்டு நடந்த 30 ஆய்வுகளைத் தொகுத்து 2025-இல் வெளியான மதிப்பீடு, இசைப் பயிற்சியால் மனச்சோர்வு குறையக்கூடும் என்றும், நடத்தைக் கோளாறுகள் ஓரளவு தணியலாம் என்றும் கூறுகிறது. அறிவாற்றல் மீளும் என்று அது கூறவில்லை. பயிற்சி நின்றபின் பயன் நெடுநாள் நிற்பதாகவும் தெரியவில்லை. ஆகவே, ‘பாட்டுப் பாடினால் நினைவு திரும்பும்’ என்று எவரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டா. உண்ட சோறு நாளைய பசிக்கு உதவாது என்பதற்காக இன்று உண்ணாதிருப்பாரில்லை. ஒரு மனிதர் தம் வாழ்நாளின் மிச்சத்தில் இரண்டு மணி நேரம் மகிழ்ந்திருப்பது பயனே.

நம் ஊர்களில் செய்யத்தக்கது

சமுதாயக் கூடம், நூலகக் கட்டிடம், மகளிர் குழுக் கட்டிடம் ஆகியவற்றுள் ஒன்றேனும் பெரும்பாலான பஞ்சாயத்துக்களில் உண்டு. காலை நேரத்தில் அவை பூட்டியே கிடப்பதும் உண்டு. வாரம் இரண்டு நாள், காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரையில் ஒரு கூடத்தைத் திறந்துவிட்டாற் போதும். மாலை வேளை ஆகாது. பொழுது சாயும்போது இந்நோயுற்றோர்க்கு மனக்குழப்பமும் பதற்றமும் மிகுவதைப் பேணுவோர் அறிவர். ஒரு கூட்டத்துக்கு ஆறு முதல் எட்டுப் பேர் போதும். இரைச்சல் கூடாது. ஒலிபெருக்கி வேண்டவே வேண்டா. கீழே அமர இயலாதோர்க்கு நாற்காலி, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி வட்டமான அமர்வு, வழுக்காத தரை, அருகில் கழிப்பறை, குடிநீர் ஆகியவை முன்னேற்பாடுகள். கண்ணாடி அணிபவர் அதனை அணிந்து வருகிறாரா என்று பார்க்க வேண்டும். காதில் அழுக்கு அடைத்திருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி மருத்துவமனையில் எடுத்துவிடச் செய்தல் வேண்டும். பாட்டே கேளாதவரை, பாடவில்லை என்று குறை கூறிப் பயனென்ன?

கூட்டத்தை நடத்த இசைப் பயிற்சி பெற்றவர் வேண்டுமென்பதில்லை. பொறுமையுள்ள சுயஉதவிக் குழுப் பெண், ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊர்க் கூத்து வாத்தியார் ஆகியோருள் எவரேனும் நடத்தலாம். கூத்து வாத்தியார் கிடைத்தாற் பெரும்பேறு. ஒருவர் அடி மறந்தால் மற்றவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொடுக்கும் வித்தை அவருக்குக் கைவந்ததன்றோ!

கதைக்கு வேண்டியது பெரிய படம் ஒன்றும், தாளும், கொட்டை எழுத்தில் எழுதும் பேனாவும். சந்தைக்குப் போகும் மாட்டு வண்டி, குடை பிடித்த கிழவி, மரமேறும் சிறுவன் என எதுவாயினும் ஆகும். முதியவரின் சொந்தக் குடும்பப் படம் ஆகாது. அது மீண்டும் பரீட்சையாய் முடியும். “தாத்தா, இந்த அம்மாளுக்கு என்ன பெயர் வைக்கலாம்? எங்கே போகிறதாக வைத்துக்கொள்வோம்?” என்று தொடங்கலாம். வந்த விடை எதுவாயினும் அப்படியே எழுதுதல் வேண்டும். ஒருவர் மாடு சிரிக்கிறது என்பார். மற்றொருவர் மழை வரப்போகிறது, நெல்லை அள்ளு என்பார். பொருளற்ற ஓசை மாத்திரம் எழுப்புபவருடைய ஓசையையும் எழுதிக்கொள்ள வேண்டும். சிறிது நேரத்துக்கொருமுறை, எழுதியவற்றை உரக்கப் படித்துக்காட்டி, இது இன்னார் சொன்னது என்று பெயரையும் சேர்த்துச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். திருத்துதல் கூடாது. உடன் வந்த மகனோ மகளோ, “அப்பா, மாடு எங்கே சிரிக்கும்?” என்று குறுக்கிட்டால் அன்போடு தடுத்துவிட வேண்டும்.

பாட்டுக்கு, எந்தெந்தப் பாட்டு அவரவர்க்குப் பிரியம் என்பதை வீட்டாரிடம் முன்னரே கேட்டுத் தெரிந்துகொள்ளுதல் நலம். கோயிற் பாட்டு, தேவாலயப் பாட்டு, தர்காவிற் கேட்ட பாட்டு என அவரவர் வழக்கப்படி அமையட்டும். மெதுவாக, தாழ்ந்த குரலில் தொடங்கிக் கைத்தாளத்தோடு பாடினால், சொல் வராதவரும் தாளத்தில் சேர்ந்துகொள்வர். ஒப்பாரி பாடலாமா என்ற ஐயம் எழலாம். ஒரு மூதாட்டி தாமாகப் பாடினால் தடுக்க வேண்டியதில்லை. கண்ணீர் வருவதும் இயல்பே. அழுகை நிற்காமல் அச்சமாக மாறுவதாகத் தெரிந்தால் கையைப் பற்றிக்கொண்டு தாலாட்டுக்கோ கும்மிக்கோ திருப்பிவிடலாம்.

கைவேலையில் சில அபாயங்கள் உள்ளன. அவற்றை அறிந்து செய்தல் வேண்டும். இந்நோயுற்றவர் கைக்கு வந்ததை வாயிலிட்டுக்கொள்வதுண்டு. ஆகவே கோலத்துக்குக் கல்மாவு கூடாது. அரிசி மாவே தக்கது. தரையிற் குனிய இயலாதவர்க்கு, அகன்ற தாம்பாளத்தில் ஈர மணலைப் பரப்பி மடியருகே வைத்தால் விரல் தானே புள்ளி வைக்கும். பல்லாங்குழிக்குச் சில வீடுகளில் வைத்திருக்கும் குன்றிமணியை அறவே விலக்க வேண்டும். அது கொடிய நஞ்சு. சோழியோ புளியங்கொட்டையோ போதும். அதனையும் கண்காணித்தல் அவசியம். பூத் தொடுக்க ஊசி வேண்டா, வாழைநாரே சிறந்தது. குயவர் மண், பனையோலை, தேங்காய் நார் ஆகியவை ஆண்களுக்கும் உகந்தவை. ஐம்பது ஆண்டு கயிறு திரித்த உள்ளங்கையில் நாரை வைத்தால் என்ன செய்வதென்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. திரித்த கயிறு ஒழுங்கற்றதாயிருப்பின் அதனால் ஒன்றும் குறைந்துபோவதில்லை.

பாலர் பள்ளிக்குரிய படத்தையும் வண்ணக் குச்சியையும் தந்து, “சமர்த்தாக வரை” என்று முதியோரைக் குழந்தைபோல் நடத்துவது சில இடங்களிற் காணப்படும் தவறு. நிலம் ஆண்டவர்க்கும், பிள்ளை பெற்று வளர்த்தவர்க்கும் அது இழிவு. அவ்வாறே, அவர்கள் ஆடுவதையும் பாடுவதையும் கைபேசியிற் படம் பிடித்து வேடிக்கைக்காகப் பரப்புவதும் தகாத செயலாகும். இதனைப் பஞ்சாயத்தே கண்டிப்பாகத் தடை செய்தல் வேண்டும்.

பேணுவோர் நிலை

இந்நோயுற்றவரைப் பேணும் சுமை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தோளில் விழுகிறது. இரவு உறக்கமின்றி விழித்திருந்து, பகலில் வயல் வேலைக்கும் சென்று, “மாமனாரைச் சரியாகக் கவனிக்கவில்லை” என்ற பேச்சையும் கேட்கும் மருமகளுக்கு, வாரத்தில் நான்கு மணி நேரம் கிடைப்பது சிறிய உதவியன்று. வங்கிக்குப் போகலாம், தன் உடம்புக்கு மருந்து வாங்கலாம், உறங்கவும் செய்யலாம். சில நாள் அவளும் கூடத்திலே இருந்து பார்க்கட்டும். சோற்றுக்குச் சண்டையிடும் கிழவராக மாத்திரம் அவள் அறிந்தவர், நாலு பேர் நடுவே ஏற்றப்பாட்டை எடுத்துவிடுவதை அவள் கேட்டறியாதிருக்கலாம்.

ஆலோசனை வேண்டுவோர் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணையும், முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணையும் தொலைபேசியில் அழைக்கலாம்.

கூட்டம் தொடங்குமுன், வருவோர் ஒவ்வொருவருக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குக. எப்படி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார், செய்த தொழில் என்ன, பிடித்த பாட்டு எது, எதைக் கண்டு அஞ்சுவார், எம்மருந்து எப்போது, அவசரத்தில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பவற்றை வீட்டாரைக் கேட்டு எழுதுக. செலவு பாய், தாள், மாவு, நார், தேநீர் அளவே. செப்டம்பர் 21 உலக அல்சைமர் தினம். அதற்குப் பதினொரு நாள் கழித்து அக்டோபர் 2-இல் கிராம சபை கூடுகிறது. கூடத்தை எந்த இரண்டு நாள் திறப்பது, முதியோரை அழைத்து வருவது யார் பொறுப்பு, தேநீர் எவ்வீட்டு முறை என்பவற்றைத் தீர்மானமாக எழுதும்போது, கூடத்தின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அதிலேயே குறித்துக்கொள்க.